எச்சில் சொல்லும் உறவு, சொல்லாத ஊர்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே ஒரு பாறைக்குன்று. அதைக் குடைந்து ஒரு சிறிய கோயில். முகப்பின் இரு முனைகளிலும் வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் வெறுமையாக இருக்கின்றன. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் அமைத்த இடம் இது என்று வடமொழிக் கல்வெட்டு ஒன்று அங்கே சொல்கிறது.

விசித்திரசித்தன் என்பது பட்டப்பெயர். அது முதலாம் மகேந்திரவர்மனைக் குறிக்கிறது என்பதை அவனுடைய மற்றக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். சிம்மவிஷ்ணுவின் மகன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன் என்ற விவரமெல்லாம் வேறு சாசனங்களிலிருந்து சேர்ந்தவை. ஆக, பாறையில் பெயர் 1,400 ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது. அவனுடைய வாரிசுகள் இன்று எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது ஒரு சின்னக் குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் உங்கள் முன்னோர் யார் என்று சொல்கிறோம் என்கின்றன நிறுவனங்கள். அந்த எச்சிலில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் ரத்தத் தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெயர்கூட எழுதியிருக்காது, ஒரு ஊரும் எழுதியிருக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் காசைக் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. புரிந்துகொண்டு, தொலைந்த உறவைக் கண்டெடுத்தவர்களும் உண்டு.

முதலில் டிஎன்ஏ எதைச் சொல்லும் என்று பார்த்துவிடலாம். தமிழருக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் பங்காளி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று ஆண்வழியாகவே ஏறிப்போனால் ஒரே ஆளிடம் போய்ச் சேர்கிறவர்கள் பங்காளிகள். ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் தீட்டு. பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் இதே பாதையில்தான் போகிறது. அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் வருகிறது. எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை நேரும். அந்தப் பிழை அதற்குப் பின் வரும் எல்லா ஆண்களிடமும் தொடரும். பிழைகளை ஒப்பிட்டுத்தான் இரண்டு ஆண்கள் ஒரே ஆண்வழியில் வந்தவர்களா என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பல்லவர் கதையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்தபோது, இரணியவர்மன் என்பவரின் 12 வயது மகனைக் கூட்டிவந்து காஞ்சியில் பட்டம் கட்டினார்கள். அவன்தான் நந்திவர்ம பல்லவமல்லன். இந்தக் காட்சியைக் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சிற்பமாகவே பார்க்கலாம். அவன் யார் பிள்ளை? காரைக்காலுக்கு அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடு, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்தவன் என்கிறது. நம் வழக்கில் சொன்னால் பங்காளி வீட்டுப் பிள்ளை. செப்பேடு சொல்வது உண்மையானால், மண்டகப்பட்டைக் குடைந்த மகேந்திரவர்மனுக்கும் காஞ்சிக்கு வந்த அந்தச் சிறுவனுக்கும் ஒரே ஒய் குரோமோசோம் இருந்திருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க இருவரின் எலும்பும் நம்மிடம் இல்லை.

இங்கிலாந்தில் அப்படிச் சோதிக்க முடிந்தது. 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புக்கூட்டை 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்தின் அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். அவருடைய அக்காவின் பெண்வழியில் வந்த இருவரைக் கண்டுபிடித்து ஒப்பிட்டார்கள். தாய்வழி டிஎன்ஏ பொருந்தியது. அரச குலத்தின் ஆண்வழியில் வந்தவர்கள் என்று வம்சாவளி சொன்ன ஐந்து பேரின் ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்டார்கள். மன்னரோடு ஒருவருக்கும் பொருந்தவில்லை. அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு சேரவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் எழுதிக் காத்த ஆண்வழி, எங்கோ அறுந்திருக்கிறது. எந்தத் தலைமுறையில் அறுந்தது என்று சோதனையால் சொல்ல முடியவில்லை. 2014இல் வெளிவந்த அந்த ஆய்வை வம்சப் பெருமை பேசுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கே பொருந்திய தாய்வழி டிஎன்ஏ, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. மொத்தம் 16,569 எழுத்துகள்தான். அம்மா அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறாள். மகள்கள் மட்டும் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறார்கள். அம்மா, அம்மாவைப் பெற்ற ஆத்தா, அவளைப் பெற்றவள் என்று நீளும் இந்தக் கோட்டுக்கு விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வழக்குச் சொல் கிடையாது. தெற்கே கொண்டையங்கோட்டை மறவரிடம் தாய்வழியாகப் போகும் கிளை என்ற முறை உண்டு. வடதமிழகத்தில் பெண் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போனதோடு அவளுடைய வழி கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. எனக்கு அப்பாவின் தாத்தா பெயர் தெரியும். அம்மாவின் பாட்டி பெயர் தெரியாது. கேட்டுக்கொள்ள வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை, இன்று சொல்ல ஆளில்லை.

இந்த இரண்டு கோடுகளும் தெளிவானவை, ஆனால் மிக ஒல்லியானவை. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அதில் ஒருவரைக் காட்டும், மைட்டோகாண்ட்ரியா இன்னொருவரைக் காட்டும். மற்ற 1,022 பேரைப் பற்றி இவை வாய் திறக்காது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற குறி இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டறிந்தபோது, "முதல் இந்தியர்" என்று பத்திரிகைகள் எழுதின. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியாக வந்த மிகப் பழைய கூட்டத்தின் தடயம் அது. கண்டுபிடிப்பு மகத்தானது, அதில் சந்தேகமில்லை. பத்திரிகைத் தலைப்புதான் பிழை. அந்தக் குறி அவருடைய ஓர் ஒற்றை ஆண்வழியின் கதை. அந்தப் பழைய கூட்டத்தின் ரத்தம், அந்தக் குறி இல்லாத அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடமும், உங்களிடமும் என்னிடமும் வேறு வழிகளில் இருக்கவே செய்யும்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உண்மையில் பயன்படுவது மற்ற 22 ஜோடிக் குரோமோசோம்கள். அவற்றில் பாதியை அப்பாவும் பாதியை அம்மாவும் தருகிறார்கள். தருவதற்கு முன் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துவிடுகிறார்கள். பெற்றோரும் பிள்ளையும் பாதியைப் பகிர்வார்கள். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் சுமார் 12.5 சதவீதம். நெருக்கமான உறவில் இந்தச் சோதனையை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு வந்த ஒரு கைக்குழந்தையை உலகமே "81ஆம் குழந்தை" என்று அழைத்தது. அன்று சேர்க்கப்பட்ட எண்பத்தோராவது ஆள் என்பதால் அந்தப் பெயர். உரிமை கோரிய தம்பதியே பெற்றோர் என்பதை 2005 பிப்ரவரியில் டிஎன்ஏ சோதனை உறுதிசெய்து, குழந்தையை அம்மாவின் கையில் சேர்த்தது.

தூரம் கூடக் கூடத்தான் வெளிச்சம் மங்குகிறது. தென்னார்க்காட்டுக்காரர்களுக்கு இது கற்பனைக் கணக்கு அல்ல.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர். 1911 வரை, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்கள் அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னார்க்காட்டின் தாலுகாக்கள். விழுப்புரம் தனி மாவட்டமானதே 1993இல். டர்பனில் இருக்கும் ஒருவர் "சௌத் ஆர்க்காட்" என்று எழுதிய காகிதத்தோடு இன்று வந்தால் அந்தப் பெயரில் ஒரு மாவட்டம் வரைபடத்திலேயே இருக்காது.

கப்பல் பட்டியலில் ஆளின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதினார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இவை பாதுகாப்பாக இருக்கின்றன. ஆனால் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர்கள் அவை. மண்டகப்பட்டு என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகச் சிதைக்கலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். போதாததற்குப் பட்டு, பாக்கம், பாடி என்று முடியும் ஊர்கள் இந்தப் பகுதி முழுக்க இறைந்து கிடக்கின்றன. சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, பெயரையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. வறுமைக்கும் அடக்குமுறைக்கும் தப்பிப் போகிறவருக்கு அதற்கான நியாயம் இருந்தது.

இனி டிஎன்ஏவுக்கு வருவோம். 1860இல் கப்பலேறியவருக்கு இருபது வயது என்றும், ஊரில் அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் வழி டர்பனில், தம்பியின் வழி இங்கே. இன்று எழுபது வயதில் இருப்பவர்கள் அந்த அண்ணன் தம்பியிலிருந்து சுமார் நாலாம் தலைமுறை, நாற்பத்தைந்து வயதில் இருப்பவர்கள் ஐந்தாம் தலைமுறை. மூன்றாம் தலைமுறையில் நேருக்கு நேர் நிற்கும் இரண்டு பேரைச் சோதித்தால் பத்தில் ஒன்பது முறை பொதுவான டிஎன்ஏ துண்டு கிடைக்கும். நாலாம் தலைமுறையில் ஏறக்குறைய பாதி முறைதான் கிடைக்கும். ஐந்தாம் தலைமுறையில் பத்தில் ஒன்றிரண்டு முறை. கிடைக்கவில்லை என்றால் உறவில்லை என்று பொருளாகாது. உறவு உண்மையாக இருக்கும், கலைத்துக் கலைத்துப் போட்டதில் பொதுவான துண்டு காணாமல் போயிருக்கும். பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் அந்த 1,024 இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏ உங்கள் உடம்பில் துளியும் இராது. அவர்கள் இல்லாமல் நீங்கள் பிறந்திருக்க முடியாது, ஆனாலும் அவர்கள் உங்கள் எச்சிலில் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். டர்பன்காரர் மட்டும் சோதித்தால் ஆகாது, மண்டகப்பட்டிலோ திண்டிவனத்திலோ இருக்கும் தம்பி வழிப் பேரனும் அதே நிறுவனத்தில் சோதித்திருக்க வேண்டும். அந்த நிறுவனங்களின் பட்டியல்களில் நிரம்பியிருப்பவர்கள் அமெரிக்கரும் ஐரோப்பியரும். கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர் எதற்காகக் காசு கட்டிக் குப்பியில் துப்பப் போகிறார்? வலைக்குள் மீனே வராதபோது வலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, ஒரு பொருத்தம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கே நம்முடைய கல்யாண முறை குறுக்கே வருகிறது. அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகள், மாமன் மகளைக் கட்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவே, அம்மா வழியில் கொள்ளுத்தாத்தாவாகவும் வந்து நிற்பார். ஒருவரே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய டிஎன்ஏவும் இரண்டு வழியில் வரும். அதனால் தூரத்து உறவினர் பக்கத்து உறவினரைப் போலத் தெரிவார். ஐரோப்பியக் குடும்பங்களை வைத்துச் செய்த கணக்கு "இவர் உங்களுக்கு மூன்றாம் தலைமுறை உறவு" என்று சொல்லும்போது, உண்மையில் அவர் இன்னும் தூரத்துத் தலைமுறையில் பல வழிகளில் சுற்றிவந்த உறவாக இருக்கலாம்.

சாதிக்குள்ளேயே மணப்பதும் இதைத்தான் செய்கிறது. ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய இந்தியர் ஏறக்குறைய எல்லாருமே இரண்டு பழைய மக்கள்திரள்களின் கலப்பு என்று காட்டியது. அந்தக் கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே நடந்தது, பிறகு கதவுகள் சாத்தப்பட்டன என்றது 2013இல் வந்த தொடர் ஆய்வு. தூய ரத்தம் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. 2017 ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்களில் உள்நெருக்கம் பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிடவும் அஷ்கனாசி யூதரிடம் இருப்பதைவிடவும் வலுவாக இருந்தது. அப்படிப்பட்ட குழுவில் இருவரை எடுத்தால் எப்படியும் ஏதோ ஒரு வகையில் உறவு தெரியும். எந்த வகை என்பது தெரியாது. ஆந்திராவின் வைசியரிடையே, அறுவை சிகிச்சைக்கு முன் தரும் தசைத் தளர்த்தி மருந்தை உடம்பு உடைக்க முடியாத குறைபாடு கூடுதலாக இருப்பதும் இதன் விளைவுதான். மருத்துவத்துக்கு இந்த அறிவு பெரிய உதவி. குடும்ப மரம் வரைகிறவருக்கு அது பனிமூட்டம்.

பெயரும் கைகொடுக்காது. இங்கிலாந்தில் ஒரே குடும்பப் பெயர் உள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம் பல நேரங்களில் பொருந்திவிடும், ஏனென்றால் இரண்டும் அப்பாவழியே நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே வருகின்றன. நமக்கு முதலெழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுகிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கத்தால் ஒரே பெயர் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் கோடாக நீளாது. நட்டாலில் குடும்பப் பெயரான படையாச்சி, கவுண்டர், பிள்ளை, நாயுடு, முதலி எல்லாம் லட்சக்கணக்கானவர்களுக்குப் பொதுவான பட்டங்கள்.

இத்தனை சதவீதம் தென்னிந்தியர் என்று வண்ண வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அது என்ன? இன்று உயிரோடு இருப்பவர்களில் சிலரை மாதிரியாக வைத்து, யாரைப் போல இருக்கிறீர்கள் என்று ஒப்பிடும் கணக்கு. நிறுவனம் மாறினால் சதவீதம் மாறும். அதே நிறுவனம் மாதிரிகளைப் புதுப்பித்தாலும் மாறும். தமிழ் என்பது நாக்கில் பழகுவது, அதற்கு மரபணு கிடையாது. இன்ன அரச வம்சம் என்றோ, இன்ன சாதி என்றோ எந்தச் சோதனையாலும் முத்திரை குத்த முடியாது. பல்லவர் வாரிசு என்று காகிதம் தர யாராவது முன்வந்தால் நம்பாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பல்லவ எலும்பும் இல்லை.

சட்டமும் ஒரு சுவர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ரீயூனியனுக்கும் குவாடலூப்புக்கும் மார்த்தினிக்கும் கப்பலேறினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று பிரெஞ்சுக் குடிமக்கள். மருத்துவம், நீதிமன்றம், ஆராய்ச்சி தவிர்த்து வெறும் பூர்வீகம் அறிய டிஎன்ஏ சோதனை செய்துகொள்வது பிரான்சில் சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். அந்தத் தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உங்கள் எச்சிலை நீங்கள் கொடுக்கும்போது உங்கள் தம்பியின், சித்தியின், இன்னும் பிறக்காத பேத்தியின் விவரத்தையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். 2023இல் 23அண்டுமீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனு போட்டது. வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு தத்துப் பிள்ளையின் கதை, ஒரு மின்னஞ்சலில் வெளியே வந்துவிடவும் கூடும். அதைத் தாங்க முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கருத்து, ஆனால் கடைசியில். காகிதமும் பெரியவர்களின் பேச்சும் ஓர் ஊரையும் இரண்டு மூன்று பெயர்களையும் காட்டிய பிறகு, அது சரியா தவறா என்று கேட்க டிஎன்ஏவைவிட நல்ல சாட்சி இல்லை. 1900ஐ ஒட்டிக் கப்பலேறியவர் என்றால், தொண்ணூறு வயதுக்காரர்கள் இருபுறமும் இருந்தால் அவர்கள் இரண்டாம் தலைமுறை உறவு, துண்டு தவறாமல் கிடைக்கும். பிள்ளையின் எச்சிலில் பாதி போய்விட்டிருக்கும், பேரனிடம் மேலும் பாதி. அதனால் குப்பியை நீட்ட வேண்டியது வீட்டின் மூத்தவரிடம், அவரிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு.

அந்தப் பேச்சுக்கு உட்காரும்போது கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். அவருடைய அம்மாவைப் பெற்றவளின் பெயர் என்ன, அவள் பிறந்த ஊர் எது, அந்த வீட்டுக் குலதெய்வம் எங்கே இருக்கிறது, குடும்பத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று கேட்டு, சொல்வதைச் சொல்கிறபடியே எழுதி, தேதி போட்டு வையுங்கள். இதற்குச் செலவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.